கருஞ்சீரக எண்ணெய் வந்துவிட்டது, பஃப்பை நிறுத்திவிடலாமா?

கேட்டது இதுதான். பத்து வயதுப் பையன், நாலு வருடமாக வீசிங். காலையும் இரவும் எடுக்க ஸ்டீராய்டு பஃப், மூச்சு முட்டினால் மட்டும் எடுக்க நீல பஃப், இரண்டும் டாக்டர் எழுதிக்கொடுத்தவை. மாமியார் தினமும் ஒரு ஸ்பூன் கருஞ்சீரக எண்ணெய் கொடுக்கச் சொல்கிறார். தெரிந்தவர் ஒருவர், நெபுலைசரில் இரண்டு சொட்டு நீலகிரித் தைலம் விட்டால் சளி அறுத்துக்கொண்டு வரும் என்கிறார். "தாவர எண்ணெய்க்கு அழற்சியைக் குறைக்கும் குணம் இருப்பதாக ஆராய்ச்சியே சொல்கிறதாமே, ஸ்டீராய்டை விட்டுவிட்டு இதற்கு மாறலாமா?"

அவசரமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். நெபுலைசரில் எந்த எண்ணெயையும் ஒரு சொட்டுகூட விடாதீர்கள். காலை, இரவு பஃப்பை நீங்களாக நிறுத்தாதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம். ஏனென்றால் உங்கள் மாமியார் சொல்வதில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. எவ்வளவு விஷயம், எங்கே முடிகிறது என்பதுதான் கேள்வி.

நான் மருந்தியல் பாடம் நடத்துகிறவன். ஏழு வயதிலிருந்து இளைப்புக்காரனும்கூட. அதனால் இந்த எண்ணெய்களில் பாதியைப் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே நெஞ்சில் தேய்த்துக்கொண்டவன்.

தமிழில் ஒரு வேடிக்கை உண்டு. எண்ணெய் என்றால் எள்+நெய். தைலம் என்பதும் எள்ளைக் குறிக்கும் 'திலம்' என்ற வடசொல்லில் இருந்து வந்தது. வேர் இரண்டுக்கும் எள்தான். ஆனால் இன்று நாம் அந்தச் சொற்களால் குறிக்கும் பொருள்கள் வேதியியலில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை. செக்கில் ஆட்டுவது கொழுப்பு எண்ணெய். காகிதத்தில் ஒரு சொட்டு விட்டால் கறை அப்படியே நிற்கும். இலையைக் கொதிக்கவைத்து ஆவியைக் குளிரவைத்து எடுப்பது ஆவியாகும் எண்ணெய். அதே காகிதத்தில் விட்டால் கொஞ்ச நேரத்தில் கறை பெரும்பாலும் போய்விடும், வாசனைதான் நிற்கும். நல்லெண்ணெய், ஆளி விதை எண்ணெய் எல்லாம் முதல் வகை. நீலகிரித் தைலம், ஓமத் தைலம், கிராம்புத் தைலம் இரண்டாவது. கருஞ்சீரக எண்ணெய் கொஞ்சம் கலப்பு. செக்கில் ஆட்டிய கொழுப்பு எண்ணெய்க்குள் ஆவியாகும் பகுதியும் சிறிதளவு கரைந்திருக்கும். மருந்துக் குணம் பெரும்பாலும் அந்தச் சிறிய பகுதியில்தான்.

சரி, அழற்சிக்கு வருவோம். ஆஸ்துமா என்றால் குழாய் சுருங்குவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சுருங்குவது கடைசிக் காட்சி. அதற்கு முன்பே மூச்சுக்குழாயின் உள்சுவர் எப்போதும் லேசாக வீங்கியே இருக்கும். ஈசினோஃபில், மாஸ்ட் செல் என்கிற அணுக்கள் அங்கே குடியேறியிருக்கும். இன்டர்லூக்கின் 4, 5, 13 என்ற புரதங்கள் அவற்றை வரச்சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். கொழுப்பு அமிலத்திலிருந்து லூக்கோட்ரையீன் என்ற பொருள் உருவாகி, குழாயைச் சுருக்கிச் சளியைக் கூட்டும். (இரவில் கொடுக்கும் மான்டெலுகாஸ்ட் மாத்திரை தடுப்பது இந்த லூக்கோட்ரையீனைத்தான்.) இந்த அணுக்கள் கக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு போன்றவை சுவரை மேலும் புண்ணாக்கும். ஆஸ்துமாக்காரர்களின் மூச்சுக் காற்றைக் குளிரவைத்துச் சேர்த்த நீரில் அந்தப் பெராக்சைடையே அளந்து பார்த்திருக்கிறார்கள். அழற்சியைக் குறை, ஆக்சிஜனேற்றத்தைத் தடு என்று ஆராய்ச்சியாளர்கள் தாவரங்கள் பக்கம் திரும்பியதற்குக் காரணம் இதுதான்.

திரும்பியது புதிதும் இல்லை. இளைப்புக்குக் கொடுக்கும் தியோஃபிலின் என்ற மருந்தை 1888ல் ஆல்பிரெக்ட் கோசெல் பிரித்தெடுத்தது தேயிலையிலிருந்து. மூச்சுக்குழாயை விரிக்கும் எஃபெட்ரின் சீனத்து மா ஹுவாங் செடி தந்தது. எகிப்தில் நாட்டு மருந்தாக இருந்த கெல்லா என்ற செடியின் வேதிப்பொருளைப் பிடித்துக்கொண்டு போனவர் ரோஜர் அல்டூன்யான். அவரே ஆஸ்துமாக்காரர். தனக்கு ஒவ்வாத பொருளைத் தானே மூச்சில் இழுத்து, இளைப்பை வரவழைத்து, ஒவ்வொரு கலவையாகத் தன்மேலேயே சோதித்தார். 1965ல் குரோமோகிளைகேட் என்ற ஆஸ்துமா மருந்து கிடைத்தது. செடியில் மருந்து உண்டா என்றால் உண்டு. செடியில் இருப்பது மருந்தாக மாற எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கிறது என்பதையும் இதே கதை சொல்கிறது.

இப்போது கருஞ்சீரகம். அதன் முக்கியமான பொருள் தைமோகுயினோன். சோதனைக் குழாயில் இது லூக்கோட்ரையீன் தயாரிக்கும் நொதியைத் தடுக்கிறது, அழற்சி மரபணுக்களை முடுக்கிவிடும் என்எஃப்-கப்பா-பி என்ற விசையை அமுக்குகிறது. எலிகளிலும் நல்ல முடிவுகள். ஆனால் எலிக்கு இயல்பாக ஆஸ்துமா வருவதில்லை. முட்டை வெள்ளைக்கருப் புரதத்தை ஊசியில் போட்டு, பிறகு அதையே மூச்சில் கொடுத்து வரவழைக்கிறார்கள். நாலு வருடமாகத் தூசியிலும் பனியிலும் ஊதுவத்திப் புகையிலும் வாழும் ஒரு பையனின் நுரையீரல் அந்த எலியுடையதைப் போன்றதல்ல.

மனிதர்களிடம் செய்ததில் நான் மதிக்கும் ஆய்வு சவூதியிலிருந்து 2017ல் வெளியானது. 80 ஆஸ்துமா நோயாளிகள். பாதிப் பேருக்குக் கருஞ்சீரக எண்ணெய் 500 மில்லிகிராம் கேப்சூல் தினம் இரண்டு, மீதிப் பேருக்கு வெற்றுக் கேப்சூல், நாலு வாரம். எல்லோரும் வழக்கமான மருந்துகளையும் தொடர்ந்தார்கள். இந்த வரியை மாமியாருக்கு இரண்டு முறை படித்துக் காட்டுங்கள். ஆஸ்துமா எவ்வளவு கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று கேட்கும் 25 மதிப்பெண் கேள்வித்தாளில் எண்ணெய் எடுத்தவர்கள் சராசரி 21.1, எடுக்காதவர்கள் 19.6. ரத்தத்தில் ஈசினோஃபிலும் குறைந்தது. கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கேள்வித்தாளில் நோயாளி உணரக்கூடிய வித்தியாசம் என்று ஏற்றுக்கொண்டிருப்பது 3 மதிப்பெண். இங்கே கிடைத்தது ஒன்றரை. ஊதிப் பார்க்கும் நுரையீரல் சோதனையில் புள்ளியியல்படி சொல்லத்தக்க முன்னேற்றம் இல்லை.

ஆக, ஏதோ செய்கிறது. கொஞ்சமாகச் செய்கிறது. மருந்தோடு சேர்ந்து செய்கிறது. அளவும் கவனிக்க வேண்டியது: ஒரு நாளைக்கு மொத்தமே ஒரு கிராம். ஒரு டீஸ்பூன் எண்ணெய் என்பது ஏறத்தாழ நாலரை கிராம். உங்கள் மாமியார் சொல்லும் ஸ்பூன் அந்த ஆய்வில் கொடுத்ததைப் போல நாலு மடங்குக்கு மேல், அதுவும் பத்து வயதுக் குழந்தைக்கு. கடையில் வாங்கும் பாட்டிலில் தைமோகுயினோன் எவ்வளவு என்பது விதையையும் ஆட்டிய விதத்தையும் பொறுத்து மிகவும் மாறும். லேபிளில் 'சுத்தமானது' என்று இருக்கும், எவ்வளவு என்று பெரும்பாலும் இருக்காது.

நீலகிரித் தைலத்தின் கதை இன்னும் சுவாரசியம். 1840களில் வெள்ளைக்காரர்கள் விறகுக்காக ஊட்டியில் வைத்த ஆஸ்திரேலிய மரம்தான் நம் தைலமரம். உதிர்ந்த இலையைப் பொறுக்கிவந்து, பெரிய அண்டாவில் அடைத்து, அடியில் தீ போட்டு வடிப்பார்கள். வடித்து முடித்த சக்கை இலையைக் காயவைத்து அதையே அடுத்த அடுப்புக்கு எரிப்பார்கள். ஒருமுறை அந்தக் கொட்டகைக்குள் பத்து நிமிடம் நின்றேன். வாசனை அருமை. பதினோராவது நிமிடம் இருமல் தொடங்கியது, வெளியே ஓடிவந்து பஃப் எடுத்தேன். இந்தத் தைலத்தில் பாதிக்கு மேல் சினியோல் என்ற ஒரே பொருள்.

அந்தச் சினியோலைத் தனியே பிரித்து, குடலில் போய்க் கரையும் கேப்சூலாக ஜெர்மனியில் கொடுக்கிறார்கள். 2003ல் வெளியான ஒரு ஆய்வில், தினமும் ஸ்டீராய்டு மாத்திரை விழுங்கியாக வேண்டிய நிலையில் இருந்த 32 பேரை எடுத்துக்கொண்டார்கள். 200 மில்லிகிராம் வீதம் நாளுக்கு மூன்று வேளை, 12 வாரம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஸ்டீராய்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பார்த்தார்கள். சினியோல் எடுத்தவர்களால் 36 சதவீதம் குறைக்க முடிந்தது. வெற்றுக் கேப்சூல் எடுத்தவர்களால் 7 சதவீதம்தான். 2012ல் 247 பேரை வைத்து ஆறு மாதம் நடந்த ஆய்விலும், வழக்கமான மருந்தோடு சேர்த்துக் கொடுத்தபோது மூச்சளவிலும் அறிகுறிகளிலும் முன்னேற்றம் தெரிந்தது. தாவர எண்ணெய்களில் எனக்கு ஓரளவு நம்பிக்கை தரும் சான்று இதுதான்.

ஆனால் எதைக் கொடுத்தார்கள் என்று பாருங்கள். பாட்டிலில் இருக்கும் தைலத்தை அல்ல, சுத்தம் செய்த ஒரே பொருளை. அளந்து கொடுத்தார்கள். வயிற்று வழியாகக் கொடுத்தார்கள். ரத்தத்தில் கலந்து நுரையீரலுக்குப் போய் மூச்சில் வெளியேறுகிறது. இந்த வழி விஷயத்தில்தான் நம் வீடுகளில் பெரிய குழப்பம். மூச்சு வியாதிக்கான எண்ணெயை மூச்சுக்குழாயிலேயே விட்டால் இன்னும் சீக்கிரம் கேட்குமே என்று தோன்றும். தோன்றுவது இயல்புதான். உடம்பு அப்படிக் கணக்குப் போடுவதில்லை.

நுரையீரலுக்கு எண்ணெயைச் செரிக்கத் தெரியாது. உள்ளே விழுந்த துளிகளைத் துப்புரவு அணுக்கள் விழுங்கும், விழுங்கியதை உடைக்க முடியாமல் அப்படியே உப்பிப்போய்க் கிடக்கும், அந்த இடம் நிமோனியாவாக மாறும். லிபாய்டு நிமோனியா என்று பெயர். இதற்கு வெளிநாட்டு உதாரணம் தேடவேண்டியதில்லை. தென்னிந்தியக் குழந்தைகளுக்கு இப்படி வருவதைப் பற்றி 1973லேயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கட்டுரை வந்திருக்கிறது. குளிப்பாட்டும்போது கைக்குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடுவது, அழும் குழந்தையின் வாயைப் பிடித்து எண்ணெய் ஊற்றுவது, இவைதான் வழி. எந்தப் பாட்டியும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. நெபுலைசரோ மருந்தைப் பொடித்துளியாக்கி நுரையீரலின் அடிவரை கொண்டுபோகவே செய்த கருவி. அதில் தைலம் விட்டால் தைலமும் அதே ஆழத்துக்குப் போகும். போதாததற்கு அதன் நெடியே குழாயை இறுக்கும்.

"நெஞ்சில் தேய்த்தால் உடனே மூச்சு லேசாகிறதே" என்பீர்கள். என் பாட்டி தேங்காய் எண்ணெயைக் காய்ச்சி, இறக்கிவைத்துக் கற்பூரத்தைப் பொடித்துப் போட்டு, வெதுவெதுப்பாக நெஞ்சிலும் முதுகிலும் தேய்ப்பாள். இப்போது நினைத்தாலும் இதமாக இருக்கிறது. பெரியவனானதும் ஒரு மழைக்கால இரவில் பரிசோதித்தே பார்த்துவிட்டேன். பீக் ஃப்ளோ மீட்டர் என்று ஒரு பிளாஸ்டிக் குழாய் இருக்கிறது, முழு மூச்சில் ஊதினால் முள் நகர்ந்து எண்ணைக் காட்டும். இளைப்போடு ஊதினேன்: 310. தைலம் தேய்த்து, ஆவியும் பிடித்து, கால் மணி நேரம் கழித்து, "அப்பாடா, விட்டுவிட்டது" என்று நினைத்துக்கொண்டு ஊதினேன்: 310. முள் ஒரு கோடுகூட ஏறவில்லை. நீல பஃப் எடுத்துக் கால் மணி கழித்து ஊதினேன்: 420.

மென்தாலும் கற்பூரமும் யூகலிப்டஸும் செய்வது இதைத்தான். மூக்கிலும் தோலிலும் உள்ள குளிர்ச்சி உணரும் நரம்பைத் தட்டிவிடுகின்றன. காற்று நிறையப் போவதுபோல மூளை நினைத்துக்கொள்ளும். குழாய் இருந்தபடியே இருக்கும். சாதாரண ஜலதோஷத்தில் அந்த ஏமாற்று நல்ல ஏமாற்று. ஆஸ்துமாவில் அந்தக் கால் மணி நேரம் பஃப் எடுக்காமல் உட்கார்ந்திருப்போம், அதுதான் பயம். அப்புறம், கற்பூரம் விளையாட்டுப் பொருள் இல்லை. சின்னக் குழந்தை கொஞ்சம் விழுங்கினாலே வலிப்பு வரும். அமெரிக்காவில் 1980களின் தொடக்கத்தில் 20 சதவீதக் கற்பூர எண்ணெயையே தடை செய்து, தேய்க்கும் மருந்துகளில் 11 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றார்கள். நீலகிரித் தைலமும் அப்படித்தான், ஒரு டீஸ்பூன் உள்ளே போனால் குழந்தைக்கு ஆபத்து. இரண்டு வயதுக்குள் இருக்கும் தம்பியோ தங்கையோ வீட்டில் இருந்தால் பாட்டிலை எட்டாத அலமாரியில் வையுங்கள்.

டிஃப்யூசரில் லாவெண்டர், எலுமிச்சைப்புல் வாசனை நிரப்புவதும் இப்போது பரவுகிறது. வேண்டாம். அந்த வாசனைப் பொருள்கள் காற்றில் உள்ள ஓசோனோடு சேர்ந்து ஃபார்மால்டிஹைடையும் நுண்துகளையும் உண்டாக்கும். சாம்பிராணிப் புகைக்கும் இதே பதில்தான்.

'ஆன்டி ஆக்சிடன்ட்' என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. எண்ணெய் ஆராய்ச்சிக் கட்டுரைகளில் பாதி இதை நம்பித்தான் ஓடுகின்றன. எங்கள் ஆய்வகத்தில் மாணவர்கள் செய்யும் மிகச் சுலபமான சோதனை ஒன்று உண்டு. கத்திரிப்பூ நிறத்தில் ஒரு திரவம், டிபிபிஎச் என்று பெயர். அதில் சோதிக்கும் எண்ணெயை விடவேண்டும். ஊதா மங்கி மஞ்சளானால் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் சக்தி இருக்கிறது என்று அர்த்தம். கிராம்புத் தைலம் விட்டால் கண்முன்னே வெளுக்கும். டீத்தண்ணீர் விட்டாலும் வெளுக்கும். வெளுத்ததைப் படம் பிடித்துக் கட்டுரை எழுதிவிடலாம். அந்தப் பொருள் குடலைத் தாண்டி, கல்லீரலைத் தாண்டி, மூச்சுக்குழாய்ச் சுவருக்குப் போதுமான அளவில் போய்ச் சேருமா என்பதை அந்தக் குழாய் சொல்லாது. ஆன்டி ஆக்சிடன்ட் என்றால் எல்லோரும் சொல்லும் பெயர் வைட்டமின் ஈ. இங்கிலாந்தில் அதை ஆஸ்துமா நோயாளிகளுக்குத் தினம் 500 மில்லிகிராம், ஆறு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள், 2004ல் முடிவு வந்தது. வெற்றுக் கேப்சூலுக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. என்னைப் பொறுத்தவரை, தாவர எண்ணெய்களில் எதிர்காலம் இருந்தால் அது லூக்கோட்ரையீனைத் தடுக்கும் பக்கத்தில்தான் இருக்கும், நிறத்தை வெளுக்கவைக்கும் பக்கத்தில் அல்ல.

சமையல் எண்ணெயை மாற்றினால்? ஜப்பானில் பெரில்லா விதை எண்ணெயைச் சோள எண்ணெயோடு ஒப்பிட்டு 14 ஆஸ்துமாக்காரர்களிடம் நாலு வாரம் பார்த்தார்கள். பெரில்லா சாப்பிட்டவர்களிடம் லூக்கோட்ரையீன் உற்பத்தி குறைந்தது. நம்மூர் ஆளி விதையில் இருப்பதும் அதே ஒமேகா-3 வகைதான். 14 பேரை வைத்து ஊருக்கெல்லாம் சட்டம் போட முடியாது. ஆளி விதைப் பொடியை இட்லிக்குத் தொட்டுக்கொள்ளப் பையனுக்குப் பிடித்திருந்தால் கொடுங்கள், அவ்வளவுதான்.

இனி ஸ்டீராய்டு பயம். உங்கள் கேள்வியின் உண்மையான வேர் அதுதான் என்று நினைக்கிறேன். பஃப்பில் வரும் ஸ்டீராய்டு மைக்ரோகிராமில் இருக்கும். ஒரு நாளைக்கு 200 மைக்ரோகிராம் என்று வையுங்கள். ஒரு 10 மில்லிகிராம் ஸ்டீராய்டு மாத்திரையின் எடையில் ஐம்பதில் ஒரு பங்கு. போகவேண்டிய இடத்துக்கு நேராகப் போவதால் அது போதும். பக்கவிளைவே இல்லையா என்றால், உண்டு. அமெரிக்காவில் குழந்தைகளை வருடக்கணக்கில் தொடர்ந்து கவனித்ததில், பஃப் எடுத்தவர்கள் பெரியவர்களானபோது சராசரியாக 1.2 சென்டிமீட்டர் உயரம் குறைந்திருந்தது. ஒரு விரல் அகலம்கூட இல்லை. அடக்காத ஆஸ்துமாவும் வளர்ச்சியைக் கெடுக்கும், தூக்கத்தையும் பள்ளிக்கூடத்தையும் கூடக் கெடுக்கும். பஃப்பை ஸ்பேசர் (பஃப்புக்கும் வாய்க்கும் நடுவே மாட்டும் குழாய்) வைத்து எடுத்து, வாய் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள். வாய்ப்புண் வருவது குறையும்.

பஃப்பை நிறுத்தினால் மறுநாளே ஒன்றும் ஆகாது. அதுதான் ஏமாற்றிவிடும். அழற்சி வாரக்கணக்கில் மெதுவாகத் திரும்பும். அதற்குள் எண்ணெய் கொடுத்திருப்பீர்கள், "எண்ணெய் கேட்டிருக்கிறது" என்று வீட்டில் எல்லோரும் நம்பியிருப்பீர்கள். பிறகு ஒரு ஐப்பசி மழையிலோ மார்கழிப் பனியிலோ நள்ளிரவில் மொத்தமாக வரும்.

கருஞ்சீரகத்தை வீட்டில் விட்டுக்கொடுக்க முடியாது என்றால் இப்படிச் செய்யுங்கள். சமையலில் விதையாகச் சேர்ப்பதற்குத் தடையில்லை. எண்ணெயாகக் கொடுக்கும் முன் பையனின் டாக்டரிடம் பாட்டிலையே எடுத்துப்போய்க் காட்டுங்கள். ஒளித்து மட்டும் கொடுக்காதீர்கள். மாமியார் தானும் எடுப்பவர் என்றால் அவரும் கவனிக்கவேண்டும், கருஞ்சீரகம் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் இறக்கக்கூடியது, ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவருக்கு அளவுக்கு மேல் இறங்கலாம். பையனுக்கு ஒரு பீக் ஃப்ளோ மீட்டர் வாங்கி, காலையும் இரவும் ஊதவைத்து எண்ணை நோட்டில் எழுதுங்கள். மூன்று மாதம் எண் நன்றாக நின்று, இரவு இருமலும் இல்லையென்றால், அந்த நோட்டைக் காட்டி "டோஸைக் குறைக்கலாமா டாக்டர்" என்று கேளுங்கள். அப்படிக் குறைப்பது வழக்கமான வைத்தியமுறையில் உள்ளதுதான்.

தலைக்கு எண்ணெய் தேய்ப்பதைப் பற்றியும் கடைசியில் கேட்டிருந்தீர்கள். தேய்க்கலாம். மூக்கிலும் காதிலும் விடாமல், குளித்ததும் ஈரம் போகத் துவட்டிவிட்டால் போதும். பேசும்போது வாக்கியம் முடியாமல் மூச்சு வாங்கினாலோ, விலா எலும்பு உள்ளே இழுத்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ தைலத்தைத் தேடிக்கொண்டிருக்காமல் நீல பஃப்பை ஸ்பேசரில் போட்டுக்கொண்டே 108ஐக் கூப்பிடுங்கள்.